யாரும் அடிக்கல, லோகா

மாலத்தீவு
17 ஜனவரி 2024

லோகா,

உசிரோட இருக்கேன். முதல்ல அதை எழுதிடறேன். மீதியை நிதானமா படி.

கொச்சி துறைமுகத்துல ஐஸ் ஏத்துற வேலைன்னு உன்கிட்ட சொல்லிட்டு வந்தேன். அது பொய். சூரை மீன் பிடிக்கிற போட்ல ஆள் கம்மியா இருக்குன்னாங்க, ஏறிட்டேன். ஆழ்கடலுக்குப் போக மாட்டேன்னு உனக்கு வாக்கு குடுத்திருந்தேன், அதனாலதான் சொல்லல. புயல்ல வலை போச்சு. அதுக்கப்புறம் கம்பெனி எண்ணெய் மெதந்து வந்து, பழவேற்காடு ஏரி மீனுன்னாலே சந்தையில மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. நீயும் பார்த்ததுதான்.

போட்ல ஒம்பது பேர். நான் ஒருத்தன்தான் நம்ம பக்கம், மத்தவங்க கன்னியாகுமரிக்காரங்க. பத்தாம் தேதி இஞ்சின் நின்னு போச்சு. நாலு நாள் காத்தும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போனோம். குடிக்கிற தண்ணி தீர்ந்து, ஐஸ் பெட்டியில உருகின தண்ணியை வடிகட்டிக் குடிச்சோம். பொங்கலுக்கு முந்தின நாள் காலையில இந்த ஊர் தோணி ஒன்னு எங்களைப் பார்த்துடுச்சு. கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. இங்கயும் அதுக்குப் பேரு தோணிதான், லோகா. என் ஊர் தோணிரேவுன்னு சொன்னதும் சிரிச்சாங்க.

இப்ப போலீஸ் காவல்ல ஒரு சின்ன தீவுல வெச்சிருக்காங்க. போனை வாங்கிட்டாங்க, கடுதாசி மட்டும் எழுதலாம். இந்தத் தீவு பள்ளிக்கூடத்துல ஆரோக்கியமேரின்னு ஒரு டீச்சரம்மா இருக்காங்க, திருநெல்வேலிக்காரங்க. நான் எழுதறதையும் நீ எழுதறதையும் அவங்க போலீஸ் ஆபீசருக்குப் படிச்சு சொல்லுவாங்க. அவரு சரின்னா போட்டோ எடுத்து அனுப்புவாங்க. பழவேற்காட்டுல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிற மர்யம் நம்பர் போர்டுல பார்த்துப் பார்த்து மனப்பாடம், அதைத்தான் குடுத்தேன். நீயும் எழுதி அவங்ககிட்ட குடு.

வலது கையில ரெண்டு விரல் அடிபட்டிருக்கு. கட்டு போட்டிருக்காங்க, இடது கையாலதான் எழுதறேன். பயப்படற மாதிரி இல்ல. மத்ததை நேர்ல சொல்றேன். மாலாவை ஒழுங்கா ஸ்கூலுக்கு அனுப்பு.

ராஜவேலு


தோணிரேவு
20 ஜனவரி

மாலா நைனாவுக்கு லோகநாயகி எழுதறது.

உன் கடுதாசி நேத்துதான் வந்துச்சு. மர்யம் அக்கா பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டு, கடையைச் சாத்திட்டு, ஸ்கூட்டியில வீடு வரைக்கும் வந்து குடுத்தாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே உன்னை நான் பார்த்துட்டேன். ஒம்பது பேர் தரையில வரிசையா உக்காந்திருக்கிற போட்டோ போன் போனா சுத்துச்சு. கடைசியில நீ. கையில கட்டு. ஐஸ் ஏத்துறவன் எதுக்குய்யா மாலத்தீவுல உக்காந்திருக்கான்னு எனக்கு ஒன்னும் புரியல. ஊரே வந்து கேக்குது. அந்தப் பொய்யைப் பத்தி நீ வீட்டுக்கு வந்தப்புறம் பேசிக்கலாம்.

நான் சும்மா உக்காரல. நம்ம கட்சிக்காரர் துளசிங்கம் டிவிக்காரங்களைக் கூட்டிட்டு வந்தாரு. "உன் வீட்டுக்காரரை நடுக்கடல்ல அடிச்சு, விரலை ஒடிச்சு இழுத்துட்டுப் போயிருக்காங்கம்மா, நீ பேசுனாதான் டெல்லிக்குக் கேக்கும்"னாரு. பேசினேன். நல்லா பேசினேன்னு எல்லாரும் சொல்றாங்க. "எங்க நாட்டு அரிசியைத் தின்னுட்டு எங்க ஆளையே அடிக்கிறீங்களா, இத்தனூண்டு தீவுக்கு இவ்ளோ திமிரா"னு கேட்டேன். அன்னிக்கே ஊர் பொம்பளைங்க எல்லாரும் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மணி நேரம் ரோட்டை மறிச்சோம். இப்பதான் அந்தத் தீவுக்காரங்க அங்க இருக்கிற நம்ம பட்டாளத்துக்காரங்களைக் கெளம்பிப் போகச் சொல்லி ரெண்டு நாட்டுக்கும் ஆகலையாமே. டிவியில நாள் பூரா அதான் ஓடுது. அதுக்கு நடுவுல என்னையும் காட்டுறாங்க.

இப்ப நீ இன்னாடான்னா இழுத்துட்டு வந்தாங்க, சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கே. போலீஸ்காரன் பக்கத்துல உக்காந்து எழுத வெச்சிருப்பான். எனக்குத் தெரியாதா? அதனால ஒன்னு சொல்றேன் கேளு. அடிச்சது நெசம்னா அடுத்த கடுதாசியில என் பேரை முழுசா லோகநாயகின்னு எழுது. அடிக்கலன்னா எப்பவும் போல எழுது. நான் புரிஞ்சுக்கறேன்.

மாலா ஸ்கூலுக்குப் போறா. உன் போட்டோவை நோட்டுக்குள்ள வெச்சிருக்கா, அந்த வரிசையில உக்காந்த போட்டோவை. வேற நல்ல போட்டோ இருக்கேடின்னா, இதுலதான் நைனா இப்ப எப்படி இருக்கார்னு தெரியுதுங்கறா.

லோகநாயகி


மாலத்தீவு
22 ஜனவரி

லோகா,

லோகா, லோகா, லோகா. மூணு தரம் எழுதிட்டேன். போதுமா?

ரகசியக் குறி குடுக்கிறியே, அந்தக் கடுதாசியையே ஆபீசருக்குப் படிச்சுக் காட்டணும்னு எழுதியிருந்தேனே, மறந்துட்டியா? டீச்சரம்மா அந்த இடத்துக்கு வந்ததும் நின்னுட்டாங்க. என்னைப் பார்த்தாங்க. அப்புறம் அதையும் படிச்சுட்டாங்க. ஆபீசர் சிரிச்சுட்டு, "உன் பொண்டாட்டி போலீஸ்ல சேர்ந்திருக்கணும்"னாரு. அன்னிக்கு அவரு சிரிச்சது அந்த ஒரு தடவைதான்.

யாரும் அடிக்கல. என் விரலு தூண்டில் கயிறு இழுக்கிற மெஷின்ல மாட்டுச்சு. இஞ்சின் நிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. இங்க இருக்கிற ஆஸ்பத்திரியிலதான் சுத்தம் பண்ணித் தையல் போட்டாங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கையே போயிருக்கும்னு சொன்னாங்க.

இன்னொன்னும் சொல்லணும். போன கடுதாசியில தைரியம் வரல. நாங்க வழி தவறி வரல, லோகா. இஞ்சின் நிக்கறதுக்கு முன்னாடியே எல்லையைத் தாண்டிட்டோம். போட் ஓட்டுற ஸ்ராங்கு, "அந்தப் பக்கம் பெரிய சூரை கெடக்கு, ஒரே நாள்தான்"னாரு. யாரும் வேணாம்னு சொல்லல. நானும் சொல்லல. இங்க இவங்க கழியில ஒரே ஒரு தூண்டில் கட்டி, ஒவ்வொரு மீனா தூக்கறாங்க. நாங்க ஆயிரத்துக்கும் மேல தூண்டில் கட்டின கயிறை அவங்க கடல்ல போட்டு வெச்சிருந்தோம்.

எங்களைப் பார்த்தது ஹஸன் மணிக்குங்கற பேருல ஒருத்தர். ஐம்பது வயசு இருக்கும். அவரோட தோணி. அன்னிக்கு அவருக்கு மீன் கொத்திட்டு இருந்துச்சு. அதை விட்டுட்டு ஒம்பது மணி நேரம் எங்களை இழுத்துட்டு வந்தாரு. அவர் வீட்டம்மாதான் தினம் எங்களுக்கு ரொட்டியும் மீன் குழம்பும் அனுப்புனாங்க.

நீ பேசுனது இங்க வந்துடுச்சு. யாரோ அவங்க பாஷையில எழுத்து போட்டு பரப்பிட்டாங்க. தீவுல இருக்கிறதே ஆயிரம் பேரு. எல்லாரும் பார்த்துட்டாங்க. ரெண்டு நாளா சாப்பாடு வரல, போலீஸ்ல குடுக்கிற பாக்கெட்தான். நேத்து ஹஸன் மணிக்கு வந்தாரு. ஜன்னலுக்கு வெளிய நின்னு போன்ல உன்னைக் காட்டினாரு. எனக்குத் தெரிஞ்ச நாலு இங்கிலீஷ் வார்த்தை, அவருக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தை. "நான் அடிச்சேனா?"ன்னு கேட்டாரு. அது ஒன்னுதான் கேட்டாரு. என்னால அவர் மூஞ்சியைப் பார்க்க முடியல.

போன வாரம் ஆபீசர், போட்டுக்கு அபராதம் போட்டுட்டு ஆளுங்களை அனுப்பிடலாம்னு இருந்தாராம். இப்ப பேப்பரெல்லாம் தலைநகரத்துக்குப் போயிடுச்சு. அங்க பெரிய இடத்துல முடிவு பண்ணணுமாம். என்னோட இருக்கிறவங்க என்கிட்ட சரியா பேசறதில்ல. உன் பொண்டாட்டியாலதான்னு ஒருத்தன் நேரடியாவே சொல்லிட்டான்.

நீ சொன்னதை நீதான் திருப்பி எடுக்கணும்.

ராஜவேலு


தோணிரேவு
24 ஜனவரி

மாலா நைனாவுக்கு,

படிச்சேன். மர்யம் அக்கா கடையிலயே நின்னுட்டுப் படிச்சேன். அவங்க டீ வாங்கிக் குடுத்தாங்க, அது ஆறிப்போச்சு.

என்னைத் திட்டியாவது எழுதியிருக்கலாம். அந்த மனுசன் "நான் அடிச்சேனா"ன்னு கேட்டாருன்னு எழுதினே பாரு, அதுக்கு நீ என்னை நாலு அறை விட்டிருந்தாலும் தேவலை.

ஆனா நீ நெனைக்கிற மாதிரி இது சுலபம் இல்ல. உன் கடுதாசியை எடுத்துட்டு துளசிங்கத்துகிட்ட போனேன். படிச்சுட்டு மடிச்சுக் குடுத்தாரு. "இதை வெளிய காட்டாதேம்மா. இப்ப நாட்டுக்கும் அவங்களுக்கும் மானப் பிரச்சினை. நீ இப்போ மாத்திப் பேசுனா அவங்க சொல்றது சரின்னு ஆயிடும். எலெக்‌ஷன் வேற வருது"ன்னாரு. அதோட, "எல்லையைத் தாண்டினோம்னு உன் வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டா ஜெயில்தான், யோசிச்சுக்க"ன்னாரு. நெசமாவே ஜெயில்ல போட்டுட்டா? நான் வாயைத் தொறந்து உன்னை உள்ள தள்ளின மாதிரி ஆயிடாதா?

ஊர்ப் பஞ்சாயத்துலயும் கேட்டேன். "ஊரே ரோட்டுல உக்காந்துச்சு, இப்ப பொய்யின்னு சொன்னா எங்க மூஞ்சியை எங்க வெச்சுக்கறது? கம்முனு இரு"ன்னுட்டாங்க. அவங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. அந்தப் பொம்பளைங்க எனக்காகத்தான் வெயில்ல உக்காந்தாங்க. திரௌபதி அக்கா அன்னிக்கு மயக்கம் போட்டு விழுந்துச்சு.

காப்பாத்துனாங்கன்னு மட்டும் சொல்லிட்டு, எல்லையைத் தாண்டினதைச் சொல்லாம விட்டுடவா? பாதி சொன்னா போதாதா? நீயே சொல்லு. நாளன்னிக்குக் குடியரசு தினம், பஞ்சாயத்துல கிராம சபை கூடுது. டிவிக்காரங்களை வரச் சொல்லி, கண்டனத் தீர்மானம் போடப் போறாங்களாம். முதல் கையெழுத்து என்னோடதாம்.

லோகநாயகி


மாலத்தீவு
25 ஜனவரி

லோகா,

டீச்சரம்மா ஸ்கூல் முடிஞ்சு நேரா வந்து படிச்சாங்க, அதனால உடனே எழுதறேன். சின்னதாத்தான் எழுத முடியும்.

எல்லையைத் தாண்டினோம்னு நான் முதல் நாளே எழுதிக் கையெழுத்து போட்டுட்டேன். இடது கையால போட்டேன். நீ சொல்லி எனக்குப் புதுசா ஒரு கேடும் வராது. ஜெயில்னா ஜெயில். அதுக்கு நீ பயப்படாதே.

பாதி சொல்லாதே. நம்ம ஏரியில நம்ம ஊர் பாடுன்னு பிரிச்சு வெச்ச இடத்துல, முறை வெச்சுத்தானே வலை போடறோம்? அன்னிக்கு யார் முறையோ அவங்கதான் எறங்கணும். வெளியாளு வந்து அள்ளிட்டுப் போனா நீயே துடுப்பை எடுத்துட்டுப் போவே. இங்கயும் அதான்.

நீ பேசலன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். அங்க தனியா நிக்கிறவ நீ. ஆனா அந்தத் தீர்மானத்துல மட்டும் கையெழுத்து போடாதே.

ராஜவேலு


தோணிரேவு
27 ஜனவரி

மாலா நைனாவுக்கு,

பேசிட்டேன். முழுசா.

நேத்து காலையில பஞ்சாயத்து ஆபீஸ் முன்னாடி பந்தல். கொடி ஏத்தி மிட்டாய் குடுத்து, ரோடு, குடி தண்ணி எல்லாம் படிச்சு முடிச்சாங்க. அப்புறம் துளசிங்கம் எழுந்து கண்டனத் தீர்மானத்தைப் படிச்சாரு. படிச்சு முடிச்சு பேனாவை என்கிட்ட நீட்டினாரு. ரெண்டு கேமரா. நான் பேனாவை வாங்கல, மைக்கைக் கேட்டேன். அழப்போறேன்னு நெனைச்சு உடனே குடுத்துட்டாங்க.

"நான் அன்னிக்கு டிவியில சொன்னது பொய். நான் தெரியாம சொன்ன பொய். ஆனா பொய்தான். என் வீட்டுக்காரரை யாரும் அடிக்கல. எங்க போட்டுதான் அவங்க எல்லைக்குள்ள போய் தூண்டில் போட்டுச்சு. இஞ்சின் நின்னு சாகக் கெடந்தவங்களை அந்த ஊர் ஹஸன் மணிக்குன்னு ஒருத்தர் தன் வேலையை விட்டுட்டு இழுத்துட்டு வந்து காப்பாத்தினாரு. அவரை நான் திட்டிட்டேன். அண்ணே, மன்னிச்சுக்கோங்க. தினம் சோறு அனுப்பின உங்க வீட்டம்மாவும் மன்னிக்கணும்"னு சொன்னேன்.

துளசிங்கம் மைக்கைப் புடுங்க வந்தாரு. "அம்மா, இது நாட்டு கவுரவம்மா, உனக்குப் புரியாது"ன்னாரு. "என் புருசனைக் காப்பாத்தினவனை அடிச்சான்னு சொன்னாதான் நாட்டுக்குக் கவுரவமாண்ணே? அவ்ளோ பெரிய நாட்டுக்கு என் பொய்யா முட்டுக் குடுக்கணும்?"னு கேட்டேன். எனக்கே தெரியாது, எங்கிருந்து வந்துச்சுன்னு. மைக்கை மட்டும் நான் விடல.

பின்னாடி ஒருத்தன் தேசத் துரோகின்னு கத்தினான். யாருன்னு தெரியும், பேரு வேணாம். அப்பதான் திரௌபதி அக்கா எழுந்திரிச்சுது. நான் அதுக்குத்தான் ரொம்ப பயந்தேன். "ரோட்டுல விழுந்தவ நான். எனக்கில்லாத கோவம் உனக்கு இன்னாடா? பொங்கலன்னிக்கு நம்ம ஊர் ஆம்பளைக்கு அந்தப் பொம்பளை சோறு போட்டிருக்கா. உக்காருடா"ன்னு ஒரு போடு போட்டுச்சு. நாலு பேர் சிரிச்சாங்க. அதோட தீர்மானம் நின்னு போச்சு. ஒருத்தரும் கையெழுத்து போடல.

டிவிக்காரங்க பாதியிலயே கேமராவை மடக்கிட்டாங்க. சாயங்காலம் செய்தியில நான் வரவே இல்ல. ஆனா மர்யம் அக்கா போன்ல முழுசா எடுத்து, கீழ இங்கிலீஷ்ல எழுத்து போட்டு உன் டீச்சரம்மாவுக்கு அனுப்பியிருக்காங்க. எந்த டிவியும் வேணாம், அந்த மணிக்கு அண்ணன் ஒருத்தர் பார்த்தா போதும்.

நல்லது மட்டும் நடந்துச்சுன்னு நெனைக்காதே. ரெண்டு வீட்டுக்காரங்க பேசறதில்ல. மாலாவை ஸ்கூல்ல ஒரு பொண்ணு இன்னாவோ சொல்லியிருக்கு. அதுக்கு மாலா, "எங்கம்மா மைக்குல சொன்னாங்க, உங்கம்மா சொல்லுவாங்களா?"ன்னு கேட்டாளாம். அடிக்கலாம்னு கை ஓங்கினேன், அடிக்கல.

இனிமே எது வந்தாலும் வரட்டும். எனக்கு இப்ப பசிக்குது. ஒரு வாரமா சோறு எறங்கல, இன்னிக்கு ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

லோகநாயகி


மாலத்தீவு
6 பிப்ரவரி

லோகா,

விடறாங்க.

காலையில ஆபீசர் வந்து பேப்பரைப் படிச்சாரு. ஒம்பது பேரையும் அனுப்பறாங்க. போட்டை மட்டும் பிடிச்சு வெச்சுக்கறாங்க, அது ஓனர் பாடு. வெள்ளிக்கிழமை தலைநகரத்துல இருந்து கொச்சிக்கு பிளேன். நான் பிளேன்ல வரப்போறேன், மாலாகிட்ட சொல்லு.

உன்னாலதான் விட்டாங்களான்னு ஆபீசரைக் கேட்டேன். அதெல்லாம் தனக்குத் தெரியாது, மேல இருக்கிறவங்க முடிவுன்னாரு. ரெண்டு நாட்டுக்காரங்களும் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்களாம். ஆனா இங்க நடந்ததை நான் பார்த்தேன், அதைச் சொல்றேன்.

உன் வீடியோ வந்த அன்னிக்கு டீச்சரம்மா அதை எடுத்துட்டு நேரா ஹஸன் மணிக்கு வீட்டுக்குப் போனாங்களாம். அவரும் வீட்டம்மாவும் மூணு தரம் போட்டுப் பார்த்தாங்களாம். நீ "அண்ணே"ன்னு கூப்பிட்ட இடத்துல நிறுத்தி, அப்படின்னா இன்னான்னு கேட்டாங்களாம். மூத்த அண்ணன்னு டீச்சரம்மா சொல்லியிருக்காங்க. மறுநாள் அவரே ஒரு பேப்பர் எடுத்துட்டு வீடு வீடா போயிருக்காரு, இந்த ஆளுங்களை அனுப்பிடுங்கன்னு. தீவுல முக்கால்வாசிப் பேரு கையெழுத்து போட்டிருக்காங்க. போடாதவங்களும் இருக்காங்க. அவங்க கடல்ல நாங்க போட்ட தூண்டிலுக்கு அவங்க கோவப்படறதுல தப்பே இல்ல.

அன்னிக்கு மத்தியானம் ஜன்னல்ல ரொட்டி வந்துச்சு. எல்லாரும் என்னைத்தான் முதல்ல எடுக்கச் சொன்னாங்க. உன் பொண்டாட்டியாலன்னு சொன்னானே, அவன்தான் பிச்சுக் குடுத்தான்.

ஆழ்கடலுக்கு இனிமே போகல. இது வாக்கு இல்ல, ஏன்னா என் வாக்கு உனக்கு இப்ப செல்லாதுன்னு தெரியும். போகல, அவ்ளோதான். ஏரியில எனக்கு ஒன்றரைக் கை போதும்.

நீ கொச்சிக்கு வருவியா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏர்போர்ட் வாசல்ல உன்னைப் பார்த்தா நல்லா இருக்கும்.

ராஜவேலு


தோணிரேவு
7 பிப்ரவரி

மாலா நைனாவுக்கு,

கடுதாசியைத் தெருவுல நின்னு சத்தமா படிச்சேன். இப்ப நீ பிளேன்ல வர்றது ஊர்ல நாய்க்குக்கூடத் தெரியும். பேசாம இருந்த ரெண்டு வீட்டுல ஒரு வீட்டுக்காரங்க வந்து எப்ப வர்றாருன்னு கேட்டுட்டுப் போனாங்க. இன்னொரு வீடு இன்னும் வரல, வராட்டி போகட்டும். துளசிங்கம் தன் முயற்சியிலதான் விட்டாங்கன்னு பஸ் ஸ்டாண்டுல பேனர் வெக்கப் போறாராம். வெச்சுக்கட்டும். உன் படத்தைக் கேட்டாரு. மாலா நோட்டுல இருக்கிற அந்த வரிசையில உக்காந்த போட்டோவைத்தான் குடுப்பேன்னேன். வேணாம்னுட்டாரு.

மணிக்கு அண்ணனுக்கும் அண்ணிக்கும் நான் தனியா ஒரு கடுதாசி எழுதி டீச்சரம்மாவுக்கு அனுப்பிட்டேன். அதுல இன்னா எழுதினேன்னு உனக்குச் சொல்ல மாட்டேன். எப்பவாவது எங்க கரைக்கு வாங்கன்னு கூப்பிட்டிருக்கேன், அது மட்டும் சொல்றேன். கெளம்பறதுக்கு முன்னாடி நீ அவர் கையைப் பிடிச்சு நேர்ல சொல்லிட்டு வா. இங்கிலீஷ் நாலு வார்த்தை போதும்.

கொச்சிக்கு நான் வர முடியாது. கோவத்துல சொல்லலை, கேளு. நேத்து பஞ்சாயத்தார் வீட்டுக்கு வந்தாங்க. கம்முனு இருன்னு சொன்னவங்களேதான். ஏரியில ஆந்திராக்காரங்க எல்லைக்கு இந்தப் பக்கம் வலை கட்டிட்டாங்கன்னு நம்ம ஆளுங்க போய் அறுத்துட்டு வந்துட்டாங்க. பதிலுக்கு அவங்க நம்ம படகு ரெண்டைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. சனிக்கிழமை காலையில அந்தக் கரையில பேச்சுவார்த்தை. "உனக்கு தெலுங்கு நல்லா வரும், வந்து நீ பேசு"ன்னாங்க. இதுவரைக்கும் அந்தப் பேச்சுக்கு ஒரு பொம்பளையும் போனதில்ல.

"வலையை நாமதான் அறுத்தோம்னு முதல்ல சொல்லிட்டுத்தான் மத்ததைப் பேசுவேன், சரியா?"ன்னு கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் அவங்கள்ல பெரியவரு, "சரிம்மா, காலையில ஆறு மணிக்குப் படகு"ன்னாரு.

அதனால நீயே ரயில் ஏறி சென்ட்ரல் வந்துடு. அங்கிருந்து பொன்னேரி வண்டி பிடிச்சு, பஸ்ல வா. எனக்கு முன்னாடி நீ வீட்டுக்கு வந்துட்டா, சாவி திரௌபதி அக்காகிட்ட இருக்கும். குழம்பு அடுப்பு மேல இருக்கும், சூடு பண்ணி மாலாவுக்குப் போட்டு நீயும் சாப்பிடு. நான் பேசி முடிச்சு ரெண்டு படகையும் ஓட்டிக்கிட்டுத்தான் வருவேன்.

லோகா